மிதி சொல்லும் செய்தி
பழைய கார் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

மனிதருக்கு நோய் கண்டால் வைத்தியர் முதலில் நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். பசி எப்படி, உறக்கம் எப்படி என்று விசாரிக்கிறார். பார்த்த மாத்திரத்தில் கத்தியை எடுக்கும் வைத்தியரிடம் நாம் மறுமுறை போவதில்லை. ஆனால், மோட்டார்க் கார் விஷயத்தில் இந்தப் பொறுமை நம்மிடம் இருப்பதில்லை. கிளச் வேலை செய்யவில்லை என்றால், "எஞ்சினை இறக்கவேண்டும்" என்று யாராவது சொன்னதும் தலையை ஆட்டிவிடுகிறோம். அதற்கு முன்பு பார்க்கவேண்டியவை ஐந்தாறு உண்டு. அவற்றைப் பார்ப்பதற்கு ஓர் அடிமட்டம், ஒரு கைவிளக்கு, மிதியை மிதிப்பதற்கு ஒரு துணை, இவை போதும். இது எமக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்ட கதையையே இங்கு எழுதுகிறோம்.

மாமா விட்டுச் சென்ற கார்

எம் தாய்மாமனார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். தாய்நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய கார் அது. எம்.ஜி.பி. என்பது அதன் பெயர். இருவர் மாத்திரம் அமரக்கூடிய, தாழ்ந்த, திறந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு தொடக்கம் 1980ஆம் ஆண்டு வரை இவ்வகைக் கார்கள் 5 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டன. எஞ்சினின் கொள்ளளவு 1,798 கன சென்ரிமீற்றர். இன்றைய கண்ணுக்கு அது பெரிதாகத் தோன்றாது. அன்றைக்கு அது வேகமான கார்.

நம் நாட்டில் பழைய கார்கள் நீண்ட ஆயுளோடு வாழ்வதற்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை அந்த இறுக்கம் தளரவில்லை. பின்னர் 2020 மார்ச்சில் மறுபடியும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. புதியது வராத நாட்டில் பழையதைப் பேணித்தானே ஆகவேண்டும்? மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் நம் வீதிகளில் இன்றும் ஓடுவது இதனாலேதான்.

மாமா ஓய்வு பெற்று ஆரையம்பதிக்கு வந்தபோது காரும் கூடவே வந்தது. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம் எங்கள் ஊர். யுத்த காலத்தில் அந்தக் கார் வாவிப்பக்கத்து வளவில், கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் வருடக்கணக்காகக் கிடந்தது. மாமா காலமான பின் மாமி அதனை எம்மிடம் ஒப்படைத்தார். "வித்துப் போடாத மனே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பது மாத்திரமே அவர் சொன்ன வார்த்தை.

பாலத்தின்மேல் பட்ட அவமானம்

கடந்த ஆனி மாதத்தில் ஒருநாள். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. வாவிநீர் கண்ணாடிச் சிதறலாய் மின்னியது. நாம் மருந்து வாங்கப் பட்டணம் புறப்பட்டோம். காத்தான்குடியைத் தாண்டிக் கல்லடிப் பாலத்தில் ஏறி நடுப்பகுதியை அடைந்தபோது முன்னே சென்ற பேருந்து நின்றது. நாமும் நிற்பதற்காகக் கிளச் மிதியை அழுத்தினோம். கால் எவ்விதத் தடையுமின்றித் தரைவரை போயிற்று. மிதி மேலே எழும்பி வரவில்லை. கார் நிற்கவும் மறுத்தது. பிரேக்கை மிதித்ததும் குலுங்கி, எஞ்சின் நின்றது.

நல்லவேளையாக, இந்தக் காரில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய்க் கிண்ணங்கள் வெவ்வேறு. கிளச் போனாலும் பிரேக் போகாது. இதை அறியாத நாம் அந்நேரத்தில் வியர்த்துப் போனோம். பின்னால் முச்சக்கர வண்டிகளின் ஒலி. பக்கத்தே மீன்கூடை கட்டிய சைக்கிள்காரர் ஒருவரின் சிரிப்பு. சிரித்தவரே சைக்கிளைச் சாத்திவைத்துவிட்டு வந்து, இன்னும் நால்வரை அழைத்துக் காரைக் கரைவரை தள்ளித் தந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஒரு கராஜுக்குக் காரை இழுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் மிதியை இருமுறை காலால் தட்டிப் பார்த்தார். "கிளச் தட்டு முடிஞ்சு போச்சு. எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் சேர்த்து இறக்கவேணும்" என்றார். அவர் சொன்ன தொகை எமது ஓய்வூதியத்தில் நான்கு மாதப் பணம். அவர் வஞ்சகமாகச் சொன்னார் என்று நாம் கருதவில்லை. இந்தக் காரில் கிளச் தட்டைத் தொடவேண்டுமானால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். தட்டுத்தான் நோயா என்பதே கேள்வி. அதை அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அன்றிரவு வீட்டில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, காரை விற்றுவிடுவது. மாமியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிஞ்சிய கவலை.

ஈரமான விரிப்பு

மறுநாள் காரைக் கயிறு கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். விற்பதற்கு முன் துடைத்து வைப்போம் என்று எம் இல்லத்தரசியார் உள்ளேயிருந்த விரிப்புகளை எடுத்து உதறினார். சிறிது நேரத்தில் குரல் கேட்டது.

"இஞ்சாருங்க, மழை பெய்து எவ்வளவு காலம்! இந்த விரிப்பு ஏன் ஈரமாக் கிடக்கு? ஒரு பக்கம்தான் ஈரம். கையில பிசுபிசுக்குது."

சாரதியின் காலடி விரிப்பு அது. கிளச் மிதிக்கு நேர்கீழே ஈரம். அவ்விடத்துத் தகரத்தில் வர்ணம் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. தண்ணீர் வர்ணத்தை இவ்விதம் உரிக்காது. பிரேக் எண்ணெய் உரிக்கும்.

களுவாஞ்சிகுடியில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இப்போது தொழிலை விட்டுவிட்டார். இளமையில் மலைநாட்டில் ஆங்கிலேயக் கார்களோடு பழகியவர். எல்லோரும் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "பாலத்துல நிக்கிறதுக்கு முதல் நாள், கார் ஏத்தத்துல இழுத்ததா, இல்லாட்டி எஞ்சின் மாத்திரம் இரைஞ்சதா?"

"நன்றாக இழுத்தது பாஸ்."

"அப்ப தட்டு சாகல்ல, மாஸ்டர். தட்டுத் தேய்ஞ்சா வழுக்கும். எஞ்சின் இரையும், கார் ஓடாது. உங்கட கார் விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. அது வேற வருத்தம். எஞ்சினத் தொடாதீங்க. நான் வாறன். ஒரு அடிமட்டம் எடுத்து வையுங்க. மறுகா, மிதிக்கிறதுக்கு ஒராள் வேணும்."

கிளச் என்பது யாது?

நிற்க, பாஸ் வந்து சேர்வதற்குள் கிளச்சின் தத்துவத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சிறு தட்டை வைத்து இறுகப் பிடியுங்கள். கைகளைத் திருப்பினால் தட்டும் சேர்ந்து திரும்பும். பிடியைச் சற்றுத் தளர்த்தினால் கைகள் திரும்பும், தட்டு திரும்பாது. எஞ்சினோடு சுழலும் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் ஒரு கை. வில்லினால் நெருக்கும் அழுத்தத் தட்டு மற்றக் கை. இரண்டுக்கும் நடுவே, கியர்ப்பெட்டியோடு இணைந்து நிற்பது கிளச் தட்டு. மிதியை அழுத்தும்போது நாம் செய்வது அந்தப் பிடியைத் தளர்த்துவதே.

மொறிஸ் மைனரில் மிதியின் அசைவைக் கிளச்சுக்குக் கொண்டுசெல்வது இரும்புக் கம்பியும் நெம்புகோலும். எம்.ஜி.பி.யில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் என்னும் குழலுக்குள் ஓர் உந்துதண்டு எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் குழாய்வழியே ஓடி, கியர்ப்பெட்டியின் பக்கத்திலுள்ள சிலேவ் சிலிண்டரை அடையும். அதிலிருந்து வெளிப்படும் தண்டு ஒரு கவைக்கோலைத் தள்ளும். கவைக்கோல் அழுத்தத் தட்டை விலக்கும்.

இங்கே பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கால் கண்ட விதி வேலை செய்கிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம். சிலேவ் சிலிண்டருடையது ஒன்றேகால் அங்குலம். பரப்பளவைக் கணக்கிட்டால் பின்னது முன்னதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. ஆகவே, காலின் பலம் 2.8 மடங்காகப் பெருகும். ஆனால், இயற்கை இலவசமாக எதனையும் தருவதில்லை. பலம் பெருகிய அளவுக்குத் தூரம் குறையும். கவைக்கோல் அரை அங்குலம் நகரவேண்டுமானால் மேலேயுள்ள உந்துதண்டு ஏறக்குறைய 1.4 அங்குலம் நகர்ந்தாக வேண்டும்.

கிளச் நோய்களை அறிவதற்கு இந்தக் கணக்குத்தான் திறவுகோல். வழியில் எங்காவது அசைவு சிறிது வீணானால், கடைசியில் கிடைப்பது அரை அங்குலம் இராது. பிடி முற்றாகத் தளராது. கியர் கரகரக்கும். தட்டு புத்தம் புதியதாய் இருந்தாலும் இதுவே நடக்கும்.

அடிமட்டச் சோதனை

பாஸ் பேருந்தில் வந்து இறங்கினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, முதலில் எங்கள் வளவு மண்ணைப் பார்த்தார். "மணல். ஜாக்கு புதையும்" என்றார். கனத்த பலகைகளை விரித்து, அவற்றின்மேல் ஜாக்கை வைத்துக் காரை உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளை நான்கு மூலையிலும் நிறுத்தினார். காரைக் கையால் உலுக்கிப் பார்த்த பின்னரே கீழே புகுந்தார். ஜாக்கை மாத்திரம் நம்பிக் காரின்கீழ் ஒருபோதும் படுக்கலாகாது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

அவர் பார்த்த வரிசையை அப்படியே தருகிறோம். செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதை நோக்கிப் போகும் வரிசை அது.

முதலாவது, எண்ணெய்க் கிண்ணம். எங்களுடையதில் அடியில் மாத்திரம் எண்ணெய் இருந்தது. அதுவும் தேநீர் நிறம். போன எண்ணெய் எங்காவது கசிந்தே போயிருக்கவேண்டும். விரிப்பு ஈரமானால் மாஸ்டர் சிலிண்டர். தரை ஈரமானால் சிலேவ் சிலிண்டர், அல்லது குழாய். சிலேவ் சிலிண்டரின் முனையிலுள்ள இறப்பர் உறையை மெல்ல நீக்கிப் பார்த்தார். உள்ளே உலர்ந்திருந்தது. பழி விரிப்பின் பக்கமே விழுந்தது.

இரண்டாவது, அளவு. கிண்ணத்தை நிரப்பிவிட்டு, இல்லத்தரசியாரை மிதியை மெதுவாக, முழுவதும் அழுத்தச் சொன்னார். நாம் கீழே படுத்து, சிலேவ் சிலிண்டரின் தண்டருகே அடிமட்டத்தைப் பிடித்தோம். அரை அங்குலம் நகர்ந்தால் வெளியிலுள்ள யாவும் சரி. நோய் உள்ளே என்று கொண்டு எஞ்சினை இறக்க நினைக்கலாம். அதற்குக் குறைந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். எங்கள் தண்டு நகர்ந்தது கால் அங்குலம்!

மூன்றாவது, பொறுமை. "அக்கா, அப்படியே மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு இருங்க" என்றார் பாஸ். பத்து எண்ணுவதற்குள், அழுத்திய கால் அழுத்தியபடி இருக்க, நகர்ந்த தண்டு தானாகவே பின்னால் வரத் தொடங்கிற்று. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர்க் கிண்ணி தேய்ந்து, எண்ணெய் அதன் விளிம்பைச் சுற்றிப் பின்னால் நழுவுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். வெளியே ஒரு சொட்டும் கசியாதபோதுங்கூட இந்நோய் இருக்கலாம்.

நான்காவது, காற்று. மிதி பஞ்சுபோல் மென்மையாக இருந்து, நாலைந்து முறை விரைவாக மிதித்ததும் கெட்டியானால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. எண்ணெய் நெருக்குண்டு சுருங்காது; காற்று சுருங்கும். காலின் உழைப்பெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

ஐந்தாவது, பலரும் பாராமல் விடும் ஆணி. மிதியின் கையையும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் சிறிய ஆணி அது, சுண்டுவிரலிலும் மெல்லியது. ஆண்டுக்கணக்கான உராய்வில் ஆணி இடையில் ஒடுங்கும். அது புகும் துளையோ முட்டை வடிவாகும். பாஸ் மூடியைக் கழற்றி ஆணியை உருவி எமது உள்ளங்கையில் வைத்தார். நடுவே இடுப்புப்போல் தேய்ந்திருந்தது. "மிதி அசையும், தண்டு அசையாது. உங்கட காலசைவில ஒரு பங்கு இந்த ஓட்டைக்குள்ளேயே போகுது" என்றார். சிலேவ் சிலிண்டர்ப் பக்கத்திலும் இதேபோன்ற ஆணி உண்டு, அதையும் பார்க்கவேண்டும்.

ஆக, ஒன்றல்ல, இரண்டு குற்றங்கள். இரண்டும் எஞ்சினுக்கு வெளியே.

வேறு நோய்கள், வேறு குறிகள்

எல்லாக் கார்களுக்கும் எமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று சொல்லமுடியாது. பாஸ் போகும்போது சொல்லித் தந்த ஏனைய குறிகளையும் வாசகர்கள் அறிந்திருப்பது நலம்.

எஞ்சின் இரைந்தும் கார் வேகம் எடுக்காவிட்டால், கிளச் வழுக்குகிறது. தட்டு தேய்ந்திருக்கலாம், அதில் எண்ணெய் படிந்திருக்கலாம். ஆனால், இதிலும் அவசரம் வேண்டாம். பழைய இறப்பர்க் குழாய் உள்ளே வீங்கி அடைபட்டால், போன எண்ணெய் திரும்பிவராது. கிளச் பாதி மிதித்த நிலையிலேயே நின்று வழுக்கும். குழாயை மாற்றினாலே சுகம் காணலாம்.

மிதியை அழுத்திச் சில விநாடி பொறுத்துப் பின்கியரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளச் முற்றாக விடுபடவில்லை. முதற் கியரை வைத்து இதனை முடிவு செய்யக்கூடாது. 1967க்கு முந்திய எம்.ஜி.பி.களில் முதற் கியருக்கு வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்புக் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போட்டால் கரகரக்கவே செய்யும். அது நோயன்று, சுபாவம்.

மிதியை அழுத்தும்போது மாத்திரம் கீச்சென்று ஒலித்தால், விடுவிக்கும் வளையத்தைச் சந்தேகிக்கலாம். இந்தக் காரில் அவ்விடத்தில் உருளும் குண்டுகள் இல்லை. காரீயக் கரியாலான வளையமே உண்டு. கால் மிதியில் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் அது தேய்கிறது.

எஞ்சின் ஓடாதபோது, ஒருவர் மிதியை அழுத்த மற்றவர் எஞ்சினின் முன்னாலுள்ள கப்பியைக் கவனிக்கட்டும். கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் பிரதான சுழல்தண்டின் பக்கவாட்டுத் தாங்கு வளையங்கள் தேய்ந்துவிட்டன. அது பெரிய வேலை, தாமதிக்கக்கூடாது.

கடைசியாக, வாவிக்கரையில் வாழ்வோர் அறியவேண்டிய ஒன்று. மாரி முழுவதும் ஓடாமல் கிடந்த காரில், தண்டு அரை அங்குலம் ஒழுங்காக நகர்ந்தும் கிளச் விடுபடாமல் இருக்கலாம். ஈரக்காற்றில் துருவேறித் தட்டு பிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, ஆளில்லாத வெளியில், முதற் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, மிதியை அழுத்தியபடியே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் பல வேளைகளில் விட்டுவிடும். இது அனுபவசாலி ஒருவர் செய்யவேண்டிய காரியம். பிரேக் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

வழியில் மிதி கைவிட்டால் என்ன செய்வது என்றும் பாஸிடம் கேட்டோம். "காலை எடுத்து வேகத்தைக் குறையுங்க. அந்த நேரம் கியரை இழுத்தா தானா வெளிய வரும். மறுகா பிரேக்" என்றார். ரயில் கடவை போன்ற ஆபத்தான இடத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், முதற் கியரில் வைத்தபடி ஸ்டார்ட்டரை இயக்கினால் கார் தானே ஊர்ந்து வெளியேறும். இவை தெரிந்திருந்தால் பாலத்தின்மேல் நமக்கு அவ்வளவு வியர்த்திராது.

பழுது நீங்கியது

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது, அதன் உட்சுவரில் அம்மைத் தழும்புபோல் துருப்பள்ளங்கள் இருந்தன. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நான்காம் தர எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை சென்ரிகிறேட் வரை கொதியாது நிற்கவேண்டும். ஈரம் ஏறியபின் 155 பாகைக்கு அது இறங்கிவிடலாம். பிரேக்குக்கு அது ஆபத்து. கிளச்சுக்கோ, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும் சத்துரு. பள்ளம் விழுந்த சுவரில் புதிய இறப்பர்க் கிண்ணியைப் போட்டால் அது சில மாதங்களில் கிழியும். ஆகவே, முழுச் சிலிண்டரையே கொழும்பிலிருந்து வரவழைத்தோம். இந்தக் காருக்குரிய உறுப்புகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுவது நமது பாக்கியம்.

முட்டை வடிவான துளையை ஒட்டி அடைத்து, மறுபடி வட்டமாகத் துளைத்துப் புதிய ஆணி கடைந்து தந்தது ஊரிலுள்ள ஒரு லேத் பட்டறை. அதன் கூலி ஒரு வேளை மீன் வாங்கும் பணத்துக்கு மேல் போகவில்லை.

காற்றை வெளியேற்றுவதுதான் சிரமமாயிற்று. மேலிருந்து எண்ணெயைத் தள்ளித் தள்ளிப் பார்த்தும் குமிழிகள் குழாயின் உயர்ந்த வளைவில் தங்கிவிட்டன. பாஸ் வழியை மாற்றினார். ஒரு பெரிய ஊசிக்குழலில் புதிய எண்ணெயை நிரப்பிக் கீழேயுள்ள சிலேவ் சிலிண்டரின் முலைக்காம்புத் திருகுவழியே மேல்நோக்கித் தள்ளினார். காற்று மேலே போவதையே விரும்பும். அதன் விருப்பத்துக்கு நாம் இணங்கினால் வேலை இலகு. மேலேயிருந்த கிண்ணத்தில் குமிழிகள் கொப்புளித்து அடங்கின. எண்ணெய் சிந்திய இடங்களை உடனுக்குடன் தண்ணீர் விட்டுக் கழுவினோம்; இல்லாவிட்டால் வர்ணம் போய்விடும்.

மறுபடியும் இல்லத்தரசியார் மிதித்தார். நாம் அடிமட்டத்தைப் பிடித்தோம். அரை அங்குலம். பத்து எண்ணினோம், ஐம்பது எண்ணினோம். தண்டு அசையவில்லை.

மொத்தச் செலவு, எஞ்சினை இறக்கச் சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. காரை விற்கும் பேச்சு அன்றோடு நின்றது.

மாமாவின் வழக்கம்

செய்தியை மாமியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "உங்கட மாமா கிளச்சுக்கு மேல கால வெச்சுக்கொண்டு இருக்கவே மாட்டார். கல்லடிப் பழைய பாலத்தில அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்மட்டும் நிக்கவேணுமே. கியர எடுத்துப்போட்டுக் கால நிலத்தில வெச்சிருவார். நான் ஏனெண்டு கேட்டா, 'அதுக்கும் களைக்கும்' எண்டு சொல்லுவார்."

1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையிலேதான் வாகனங்கள் போகமுடியும். 2013 மார்ச்சில் அருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை, பட்டணத்துக்குப் போவோரெல்லாம் அக்கரையில் காத்திருந்து பழகியவர்களே. மண்முனையிலும் 2014இல் பாலம் வருமுன் வாகனங்களைப் 'பாதை'யில் ஏற்றித்தான் வாவியைக் கடந்தோம். பலகையில் அங்குலம் அங்குலமாக ஏற்றும்போது கிளச் படும் பாட்டைச் சாரதிகள் அறிவர். இப்போது எங்கும் காத்திருப்பு இல்லை. ஆயினும், சந்தியில் நிற்கும்போதும் மிதியின்மேல் காலை ஊன்றியிருக்கும் வழக்கம் நம்மிடம் வளர்ந்துவிட்டது. காரீய வளையம் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு மாமாவின் அந்தச் சிறு வழக்கமே காரணமென்று பாஸும் ஒப்புக்கொண்டார்.

வாவிக்கரையில் கார் வைத்திருப்போர் கைக்கொள்ளவேண்டியவை அதிகமில்லை. வாரம் ஒருமுறையாவது காரை ஓட்டி, கிளச்சைப் பலமுறை மிதித்து விடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முற்றாக மாற்றுங்கள். மூடி திறந்து நாட்பட்ட போத்தலிலிருந்து ஊற்றவேண்டாம். அந்தக் கிண்ணத்தில் எஞ்சின் எண்ணெயை ஒருபோதும் விடலாகாது; இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மிதி நேற்றுப்போல் இல்லை என்று கால் உணர்ந்தால், அதை அலட்சியம் செய்யாமல் அன்றே அடிமட்டத்தை எடுங்கள்.

ஆடி அமாவாசை வந்தது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்துக்கு மாமியை அழைத்துச் சென்றோம். இருவர் மாத்திரம் அமரும் கார் ஆதலால், நோயைக் கண்டுபிடித்த இல்லத்தரசியார் பேருந்தில் வந்தார். அது நியாயமன்று என்று அவரே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்ததாகப் பின்னர் அறிந்தோம்! கல்லடிப் பாலத்தில் ஏறியதும் முன்னே வாகனங்கள் தேங்கி நின்றன. நாம் கியரை எடுத்துவிட்டுக் காலைத் தரையில் வைத்தோம். பக்கத்தே, சேவையிலிருந்து ஓய்ந்த பழைய பாலம் வாவிக்குமேல் அமைதியாய்க் கிடந்தது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எமது காலைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.